பறக்கக் கற்றுக்கொள்வதில் வரும் தடங்கல்கள்: டர்பனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

2018 ஆகஸ்ட்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஒரே வருடத்தில் பிரைவேட் பைலட் லைசன்ஸ் வாங்கிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கையில் கிடைத்தது 2021 அக்டோபரில். நடுவில் பிபி, பணத் தட்டுப்பாடு, கொரோனா முடக்கம், ஒரு தேர்வுத் தோல்வி என்று எல்லாம் வந்துபோயின.

அதற்குப் பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஊரிலிருந்து வரும் போனிலும் ஒரே மாதிரிக் கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"45 மணி நேரம்னு போட்டிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பறந்தா ஆறு மாசத்துல முடிஞ்சிடும்தானே அண்ணா?"

கணக்கு சரி, வாழ்க்கை அப்படி நடப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரைவேட் லைசன்ஸுக்கு 45 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். அதில் இன்ஸ்ட்ரக்டருடன் 25 மணி நேரம், தனியாக 15 மணி நேரம் இருக்க வேண்டும். 45-இல் முடித்தவரை நான் நேரில் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் 55-லிருந்து 65-க்குள் முடித்தார்கள். எனக்கு 71 ஆனது.

அதோடு, வாரம் இரண்டு வகுப்பு பதிவு செய்தால் ஒன்றுதான் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டுமென்றால் மூன்று பதிவு செய்யுங்கள். பணக் கணக்கையும் 65 மணி நேரத்துக்குப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

"வகுப்பு ரத்தாச்சுன்னா உடனே மனசு உடைஞ்சிடுது. இதை எப்படி எடுத்துக்கிறது?"

நான் கற்றுக்கொண்ட ஒரே வழி இதுதான். ஒவ்வொரு தடங்கல் வரும்போதும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: இது காத்திருக்க வேண்டிய தாமதமா, எதையாவது மாற்றிக்கொள்ள வேண்டிய தாமதமா? காற்று, மேகம், பழுது எல்லாம் முதல் வகை. இறங்குவது சரியாக வராதது, பாடம் ஏறாதது, இன்ஸ்ட்ரக்டரோடு ஒத்துப்போகாதது இரண்டாம் வகை. காத்திருக்க வேண்டிய இடத்தில் சண்டை போட்டும், மாற்ற வேண்டிய இடத்தில் பொறுமையாக இருந்தும் நான் பல மாதங்களை இழந்தேன். கீழே வரும் பதில்களில் இந்த இரண்டு வகைகளையும் அடிக்கடி சொல்வேன்.

"வெளியில நல்ல வெயில் அடிக்குது. இன்னைக்குப் பறக்க முடியாதுன்னு சொல்றாங்க. ஏன்?"

டர்பனில் இதைப் புரிந்துகொள்ள ஒரு ஆகஸ்ட் நாள் போதும். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி ஒரு காற்று இறங்கும். இங்கே அதற்கு பெர்க் காற்று என்று பெயர். இறங்க இறங்கச் சூடாகி, வறண்டு, காலை பத்து மணிக்கே உடம்பு எரியும். வானத்தில் ஒரு துளி மேகம் இருக்காது. ஆனால் வர்ஜீனியாவின் ஓடுதளம் 05/23, அதாவது கிட்டத்தட்ட கடற்கரையை ஒட்டி வடகிழக்கு, தென்மேற்காகப் போகிறது. பெர்க் காற்றோ வடமேற்கிலிருந்து வந்து விமானத்தின் விலாவில் அடிக்கும். ஓடுதளத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, அகலமும் அதிகமில்லை.

அதைவிட ஆபத்து அதற்குப் பின்னால் வருவது. கரையோரமாக ஒரு தாழ்வழுத்தம் நகர்ந்து போகும்போது காற்று சட்டென்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து பாய்கிறது. நான் விமானத்தைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டிருந்த ஒரு நாள், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு துணி மாதிரித் தொய்ந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டது. எரிபொருள் மூடியைத் திருகி முடிப்பதற்குள் வடகிழக்குப் பக்கமாக விறைத்து நின்றது. முதுகில் வேர்வை குளிர்ந்துவிட்டது. இறக்கை இரண்டையும் கயிற்றால் கட்ட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்த நேரத்தில் பத்து மணி நேர அனுபவத்தோடு நான் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பயிற்சி விமானமான செஸ்னா 172-இன் கையேட்டில் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக் காற்று 15 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு). செஸ்னா 152-க்கு 12. மாணவர்களுக்குப் பள்ளி வைக்கும் எல்லை இன்னும் குறைவாக இருக்கும். வெயிலைப் பார்க்காதீர்கள், காற்றுப்பையைப் பாருங்கள்.

"அப்போ எந்த மாசத்துல ஆரம்பிச்சா தடங்கல் குறையும்?"

மே முதல் ஜூலை வரை வானம் பெரும்பாலும் தெளிவு. கோடையில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மழையும் மாலை இடியும் அதிகம். எந்தக் காலமானாலும் காலை முதல் வகுப்பைப் பிடியுங்கள், காற்று எழும்பும் முன் இறங்கிவிடலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த நாட்டில் பிரைவேட் லைசன்ஸ் பகலுக்கு மட்டும்தான், இரவுக்குத் தனித் தகுதி வாங்க வேண்டும். ஜூன் மாதம் டர்பனில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆபீஸ் முடித்துவிட்டு வந்து பறப்பது குளிர்காலத்தில் நடக்காது. கோடையில் நடக்கும், ஆனால் அப்போது இடி. இன்னொன்றும் உண்டு: டர்பனின் பெரிய விமான நிலையமான கிங் ஷாகாவுக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லாண்ட் நாணல் காட்டில், கோடை மாதங்களில் தகைவிலான் குருவிகள் லட்சக்கணக்கில் அந்தி நேரத்தில் வந்து அடையும். பார்க்க அவ்வளவு அழகு. தரையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

"விமானம் ஒர்க்‌ஷாப்ல இருக்குன்னு மூணு வாரமா சொல்றாங்க. ஏமாத்துறாங்களோ?"

பெரும்பாலும் இல்லை. பயிற்சி விமானங்களை 100 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். சுறுசுறுப்பான பள்ளியில் அந்த 100 மணி நேரம் சீக்கிரம் ஓடிவிடும். பிரித்துப் பார்க்கும்போது ஒரு சிலிண்டரில் குறை தெரிந்தால், உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். முதல் வகைத் தாமதம், காத்திருக்கத்தான் வேண்டும்.

புறப்படும் முன்பே நின்றுபோவதும் உண்டு. இன்ஜினில் தீப்பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ இருக்கும். நான் ஓட்டிய 172-இல் இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றி, சாவியைத் திருப்பி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். சுற்று 125-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. ஒரு சனிக்கிழமை இடது பக்கம் வைத்தவுடன் 200 விழுந்தது, டாஷ்போர்டு நடுங்கியது. காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் குறைத்து, இன்ஜின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றி எரித்துப் பார்த்தோம், பிளக்கில் படிந்த அழுக்காக இருந்தால் போய்விடும். போகவில்லை. திரும்பி வந்து நிறுத்திவிட்டோம். வீட்டுக்குப் போகும் வழியில் கோபம்தான் வந்தது. இன்று அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு நன்றி சொல்கிறேன்.

சேருவதற்கு முன்பே ஒன்று கேளுங்கள்: "ஒரே மாதிரி விமானம் உங்களிடம் எத்தனை இருக்கிறது?" ஒன்றே ஒன்று என்றால், அது படுத்தால் நீங்களும் படுக்க வேண்டியதுதான்.

"மெடிக்கல்ல பிபி அதிகம்னு நிறுத்தி வெச்சிட்டாங்க. அவ்வளவுதானா?"

எனக்கும் இதேதான் நடந்தது, ஏழு வாரம் போயிற்று. நம் குடும்பங்களில் சர்க்கரையும் பிபியும் சாதாரணம் என்பதால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத பிபிதான் தடை. குடும்ப மருத்துவரிடம் போய், அனுமதிக்கப்பட்ட மருந்தில் கட்டுக்குள் கொண்டுவந்து, அளவீட்டுக் குறிப்புகளோடு விமான மருத்துவரிடம் திரும்பிப் போனேன், சான்று கிடைத்தது. மருந்தைத் தொடங்கும் முன் விமான மருத்துவரிடம் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மாத்திரையும் ஏற்கப்படாது.

பணம் கட்டுவதற்கு முன்பே மெடிக்கலை முடித்துவிடுங்கள். சாப்பிடும் மாத்திரை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் தெரியவந்தால் லைசன்ஸும் போகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் நிற்காது.

"20 மணி நேரம் ஆச்சு, இன்னும் தனியா அனுப்பல. எங்கூடச் சேர்ந்தவன் 14-லயே போயிட்டான். எனக்கு வராதுபோல அக்கா."

இந்தக் கேள்வி என் மனைவியிடம் வந்தது, அவள் என்னிடம் தள்ளிவிட்டாள். தம்பி, நான் தனியாகப் போனது 27-வது மணி நேரத்தில். 19-லிருந்து 27 வரை எட்டு மணி நேரம், புறப்பட்டு விமான நிலையத்தைச் சுற்றி வந்து இறங்கும் ஒரே சுற்று, ஒரே ஓடுதளம், ஒரே தவறு. கீழே நெருங்கியதும் மூக்கைத் தூக்குவேன், விமானம் பலூன் மாதிரி எழும்பும், பயந்து அமுக்குவேன், சக்கரம் குதிக்கும்.

எட்டு மணி நேரம் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ததுதான் என் பிழை. இது இரண்டாம் வகை, எதையாவது மாற்றியிருக்க வேண்டும். கடைசியில் வேறொரு இன்ஸ்ட்ரக்டர் ஒரே ஒரு மணி நேரம் என்னோடு வந்தார். முதலில் வேகத்தைப் பார்த்தார்: 65 நாட்டில் வர வேண்டிய இடத்தில் நான் 72-இல் வந்துகொண்டிருந்தேன். அந்த ஏழு நாட்தான் விமானத்தை மிதக்க வைத்தது. அப்புறம் "எங்கே பார்க்கிறாய்?" என்று கேட்டார். மூக்குக்கு முன்னால் ஓடும் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணை ஓடுதளத்தின் கடைசிக்குக் கொண்டுபோ, அங்கேயே வை" என்றார். கண் தூரத்துக்குப் போனதும் தரை இரண்டு பக்கமும் அகன்று எழும்பி வருவது தெரிந்தது. உயரம் எவ்வளவு என்று உடம்புக்கே புரிந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் சக்கரம் தொட்ட சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று வகுப்பு ஒரே தவறோடு போனால் நாலாவதை அப்படியே எடுக்காதீர்கள். வேறு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். பழைய இன்ஸ்ட்ரக்டர் கோபித்துக்கொள்வாரே என்று நம் ஆட்கள் தயங்குகிறோம். குரு என்று மனதில் வைத்துவிட்டால் கேட்பது கஷ்டம், எனக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டால் நல்ல இன்ஸ்ட்ரக்டர் கோபிக்க மாட்டார். உன் நண்பன் 14-இல் போனதைப் பற்றி ஒரே வார்த்தை: லைசன்ஸில் அந்த எண் எங்கும் அச்சாவதில்லை.

"ரெண்டு மாசம் கேப் விழுந்துச்சு. கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கு."

மறப்பது முதலில் கை, பிறகு வரிசை, கடைசியில் அறிவு. 2020 மார்ச் 27-ஆம் தேதி நாடு முழுதும் முடங்கியபோது என் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தை எழுதி வைக்கும் ஏட்டில், 41 மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் ஒரு முழுச் சுற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன். ரேடியோவில் பேசுவதையும் சேர்த்து. என் மகள் கோபுரத்திலிருந்து பேசும் கட்டுப்பாட்டாளர். திரும்பிப் போனபோது கை தடுமாறியது, ஆனால் வரிசை அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் கையும் வந்துவிட்டது.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஏர்லைன்ஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டார். மறுபடி முதல்ல இருந்தா?"

சின்னப் பள்ளிகளில் இளம் இன்ஸ்ட்ரக்டர்கள் மணி நேரம் சேர்க்கத்தான் வேலை பார்க்கிறார்கள், போவது இயல்பு. அவர் போகும் முன் எந்தப் பயிற்சி முடிந்தது, எது அரைகுறை என்று உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர் ஒன்றிரண்டு வகுப்பு உங்களைச் சோதித்துப் பார்ப்பார். அதை வீண் செலவாக நினைக்காதீர்கள், வேறு இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேனே, அந்தப் புதுக் கண் இங்கே இலவசமாகவே கிடைக்கிறது.

"காசு தீர்ந்துபோச்சு. விட்டுடாம மாசத்துக்கு ஒரு தடவையாவது பறக்கட்டுமா?"

வேண்டாம். மாதம் ஒரு முறை பறந்தால், போன மாதம் கற்றதை மீட்கவே அந்த மணி நேரம் போய்விடும். முழுதாக நிறுத்துங்கள். அந்த மாதங்களில் பாடத் தேர்வுகளை முடியுங்கள், நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள். பதினைந்து மணி நேரத்துக்கான பணம் சேர்ந்ததும் விடுப்பு போட்டு, மூன்று நான்கு வாரத்தில் தொடர்ந்து பறந்துவிடுங்கள். நான் இரண்டு முறை இப்படிச் செய்தேன்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கட்டிய பள்ளி மூடிப்போய், பணம் திரும்பி வரவே இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

"மெட்டியோராலஜி (வானிலைப் பாடம்) ரெண்டு தடவை ஃபெயில். யூடியூப்ல எல்லா வீடியோவும் பார்த்துட்டேனே!"

அந்த வீடியோக்கள் எந்த நாட்டில் எடுத்தவை? இந்தியா, அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே. நாம் இருப்பது தெற்கே. இங்கே தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகும் திசையில் சுழலும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் வலது பக்கம், அங்கே இடது பக்கம். காந்தத் திசைகாட்டியின் தவறுகளும் தலைகீழ்: வடக்குக்குத் திரும்பும்போது அங்கே திசைகாட்டியில் வேண்டிய எண் வருவதற்கு முன்பே திருப்பத்தை நிறுத்தி நிமிர வேண்டும், இங்கே எண்ணைத் தாண்டவிட்டு நிமிர வேண்டும். கிழக்கிலோ மேற்கிலோ போகும்போது வேகம் கூட்டினால் அங்கே வடக்குக் காட்டும், இங்கே தெற்குக் காட்டும்.

75 சதவீதம் வாங்க வேண்டிய தேர்வில் இப்படி நாலைந்து கேள்வி போனாலே தோல்விதான். தென்னாப்பிரிக்கப் பாடநூலை மட்டும் வைத்துப் படியுங்கள். பெர்க் காற்று பற்றி மேலே எழுதியதும் பாடத்தில் வரும்.

"தம்பி, என் பையன் கமர்ஷியல் லைசன்ஸ் படிக்க அங்க வந்திருக்கான். ஒரு வருஷம்னாங்க, ஒண்ணரை ஆயிடுச்சு. சொந்தக்காரங்க கேக்குறாங்க. படிக்காம சுத்துறானோ?"

அம்மா, இந்தியாவில் கமர்ஷியல் லைசன்ஸுக்கு டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து ஆணையம்) கேட்பது 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் அவனே பொறுப்பு பைலட்டாகப் பறந்திருக்க வேண்டும், 300 நாட்டிகல் மைல் (கடல் மைல்) நீண்ட பயணம் ஒன்றும், இரவுப் பறப்பும் உண்டு. மேலே சொன்ன காற்று, பழுது, மழை எல்லாம் அவனுக்கும்தான். ஒன்றரை வருடம் பயப்படும் கணக்கு இல்லை.

அவன் லாக்புக் பக்கங்களை மாதம் ஒரு முறை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி, விமானம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதம் ஒரு வரியும் ஏறவில்லை என்றால் பள்ளியிடம் காரணம் கேளுங்கள். ஆனால் "எப்ப முடியும்" என்று தினமும் போனில் கேட்காதீர்கள். அவசரத்தில் ஒரு பையன் மோசமான வானிலையில் கிளம்பிவிடக் கூடாது. சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள், அவனிடம் அதைக் கடத்தாதீர்கள்.

"வேலை ஜோஹன்னஸ்பர்குக்கு மாறுது. 30 மணி நேரம் டர்பன்ல முடிச்சிட்டேன். அங்க போய்த் தொடர்ந்தா?"

மணி நேரம் அப்படியே செல்லும். ஆனால் விமானம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வர்ஜீனியா கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ராண்ட் விமான நிலையம் சுமார் 5,480 அடி உயரத்தில். 30 டிகிரி வெயிலில் அங்கே இன்ஜினும் இறக்கையும் 8,500 அடிக்கு மேல் இருப்பதுபோல உணரும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும், புறப்படும் முன்பே எரிபொருள் கலவையைக் குறைக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

"டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டேன். வீட்ல எப்படிச் சொல்றது?"

அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நானும் முதல் முறை தோற்றேன். இன்ஜின் நின்றதுபோல் பரிசோதகர் விசையைக் குறைத்தார். நான் நல்ல வயலைத் தேர்ந்தெடுத்தேன், சரிபார்ப்பு வரிசையில் மூழ்கிக் காற்று எந்தப் பக்கம் என்பதை மறந்தேன். பின்காற்றில் வயலைத் தாண்டிப் போய்விட்டேன். எதில் குறை என்று அவர் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்ட்ரக்டருடன் அதை மட்டும் நாலு மணி நேரம் செய்தேன், கரும்பு எரிக்கும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்போதும் பார்த்துக்கொண்டே பறக்கப் பழகினேன். மூன்று வாரத்தில் தேறினேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

"கிராஸ்-கன்ட்ரி சோலோல பாதியில திரும்பி வந்துட்டேன். எல்லாரும் பாவமா பாக்குறாங்க."

தனியாகப் போகும் நீண்ட பயணம் குறைந்தது 150 நாட்டிகல் மைல், வழியில் இரண்டு வேறு இடங்களில் முழுதாக இறங்க வேண்டும். நான் போட்ட பாதை வர்ஜீனியா, தெற்கே கடற்கரையில் உள்ள மார்கேட், உள்நாட்டில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க், மறுபடி வர்ஜீனியா. 2021 ஜூன் காலை. கடற்கரை முழுதும் கண்ணாடி மாதிரி. மார்கேட்டில் இறங்கி ஏறி வடக்கே திரும்பினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல இருக்கிறது. குளிர்காலக் காலையில் அந்தக் கிண்ணத்தில் மூடுபனி பால் ஊற்றியதுபோல் தேங்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் வெள்ளைக்கு மேலே சில குன்றுகளின் முகடு மட்டும்.

கலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும், ஒரு மணி நேரத்தில் கலையும். ஆனால் சுற்றிக்கொண்டே நின்றால் எரிபொருள் குறையும், திரும்பிப் போகும் வழி குறுகும். மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்று முடித்தால் டெஸ்ட் தேதி வாங்கிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைக் கவனித்தவுடன் கை வியர்த்தது. கிழக்கே திரும்பி, கடலைப் பிடித்து, வர்ஜீனியாவில் இறங்கினேன். பயணம் கணக்கில் சேரவில்லை. செலவு முழுதும் சேர்ந்தது. பத்து நாள் கழித்து இன்னும் தாமதமாகக் கிளம்பி அதே பாதையை முடித்தேன்.

இன்ஸ்ட்ரக்டர் அன்று என் லாக்புக்கை வாங்கி, குறிப்புப் பகுதியில் "வானிலை காரணமாகத் திரும்பினார், சரியான முடிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடமும் எழுதச் சொல்லுங்கள்.

"எப்போ விட்டுடலாம்னு முடிவு பண்றது?"

பணத்துக்காகக் குடும்பம் கடன் வாங்கத் தொடங்கினால், அல்லது விமானம் பக்கம் போகும்போது சந்தோஷத்தைவிட வயிற்றுக் கலக்கம் பல மாதமாக அதிகம் இருந்தால், நிறுத்துவதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம். ஒரு மோசமான வகுப்பு முடிந்த அன்று மட்டும் முடிவு எடுக்க வேண்டாம். நல்ல வகுப்பு ஒன்று முடிந்த பிறகும் அதே எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவர் 38 மணி நேரத்தில் நிறுத்திக்கொண்டார், இரண்டாவது குழந்தை பிறந்த வருடம். இப்போதும் மாதம் ஒரு சனிக்கிழமை என் வலது பக்கம் உட்கார்ந்து வருவார். வரைபடம் அவர் மடியில். உம்ஷ்லாங்கா கலங்கரை விளக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே "இன்னும் நாலு நிமிஷம்" என்று சொல்லிவிடுவார்.